இடது கன்னத்து மருந்து

கடந்த மாதம் ஈப்போவின் ஜெலாப்பாங்கில் ஒரு சமூக மண்டபத்தில் பிள்ளைகளுக்கான பல் பராமரிப்பு முகாம் நடந்தது. பணி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என்னையும் அழைத்து, முதல் வரிசையில் உட்காரவைத்து, கையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு கறிபாப்புப் பலகாரமும் கொடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவரொட்டி. அதில் சிரிக்கிற பல் ஒன்று, அழுகிற பல் ஒன்று. அழுகிற பல்லைச் சுற்றி மிட்டாய், சாக்லேட், ஐஸ்கிரீம், கலர் தண்ணீர். ஒவ்வொன்றின்மேலும் சிவப்பில் பெருக்கல் குறி.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் நான் சுவரில் ஒட்டியதும் இதே சுவரொட்டிதான். பல்லின் கண்கள் மட்டும் இப்போது கார்ட்டூன் கண்களாகியிருக்கின்றன.

முகாமை நடத்திய கவிதா, எங்கள் காலத்தில் பல் தாதி என்று சொன்னார்களே, அந்த வேலையில் இருப்பவள். இப்போது அதற்குப் பெயர் பல் சிகிச்சையாளர். முகாம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன் லா. எங்க பேட்ச் எல்லாரும் படிப்போம். ஆனா சோகமா வேணாம், ஜாலியா எழுதுங்க."

இரண்டாவது நிபந்தனையை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

எழுதப்போகும் சம்பவத்துக்குச் சொந்தக்காரியான தாயிடம் அனுமதி கேட்டேன். "பேர மட்டும் மாத்திருங்க மிஸி," என்றாள். நாங்கள் டாக்டர்கள் அல்ல என்பதால் தோட்டத்துச் சனங்கள் எங்களை எப்போதும் மிஸி என்றே கூப்பிடுவார்கள். "உங்க வீட்டுக்காரரு படிச்சாருன்னா?" என்று கேட்டேன். "அவரு பேப்பர்ல நாலு நம்பர் லாட்டரி மட்டும்தான் பாப்பாரு" என்று சிரித்தாள். ஆகவே இதில் வரும் பெயர்கள் மாற்றப்பட்டவை. கிளினிக்கின் பெயரையும் சொல்லப்போவதில்லை. மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பினாங்கில் விடுதி, வெள்ளைச் சட்டை, மெழுகுக் கட்டியில் பல் செதுக்குதல். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைக் கண்ணை மூடிக்கொண்டு செதுக்கும் அளவுக்குப் பழக்கினார்கள். ஒரு தாயிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது யாருக்கும் பாடமாகத் தோன்றவில்லை.

பிறகு வேன் வாழ்க்கை. மடக்கு நாற்காலி, கருவிப் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பில் கொதிக்கும் தண்ணீர். ஆயர் தாவார் பக்கத் தோட்டப் பள்ளிகள், கோப்பெங் பக்கத்துப் பள்ளிகள். ரப்பர்ப் பால்மரம் வெட்டி எடுக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டதையும், பிறகு தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானதையும், எங்களிடம் வாய் திறந்து காட்டிய பிள்ளைகள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்ததையும் அந்த வேன் சன்னல் வழியாகத்தான் பார்த்தேன். நானும் அவர்கள் பின்னாலேயே மாற்றலாகி ஈப்போவின் புறநகர்க் கிளினிக் ஒன்றுக்கு வந்தேன்.

அங்கேதான் டாக்டர் சாரதாவிடம் வேலை செய்தேன்.

அவரைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும். நல்ல மருத்துவர். அவர் பல் பிடுங்கும்போது பிள்ளை அழ ஆரம்பிப்பதற்குள் பல் கிண்ணத்தில் கிடக்கும். யாரையும் காக்கவைக்க மாட்டார். தோட்டத்து ஆளையும் வங்கி மேலாளரையும் ஒரே மாதிரி "வாங்க, உட்காருங்க" என்பார். கையுறை மாட்டுவதற்கு முன் விரல் விரலாகக் கை கழுவுவார். விளக்கை இழுத்து, பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் விழாமல் தன் உள்ளங்கையால் ஒரு நொடி மறைத்து, பிறகுதான் வாய்க்குத் திருப்புவார். அந்த உள்ளங்கையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

ஆனால் அவர் கேள்வி கேட்பதில்லை. பதிலைச் சொல்லிவிட்டு, அதன் வாலில் ஒரு கேள்விக்குறியைக் கட்டுவார். "சாக்லேட் நிறையச் சாப்பிடுவான், இல்லையா?" "ராத்திரி பல் விளக்குறதில்ல, அப்படித்தானே?" குரல் உயராது. முகத்தில் கோபம் இருக்காது. எதிரே நிற்கும் தாய் "ஆமா டாக்டர்" என்பாள். அவர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடிக் கருவியின் காம்பால் நாற்காலிக் கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். விசாரணை முடிந்தது என்று அர்த்தம்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஒத்துக்கொண்டவர்களைத் திட்ட வேண்டியதில்லை.

இனிப்பான திரவ மருந்து பிள்ளைகளின் பல்லைத் தின்னும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. அதற்கு நானே சாட்சி. ஈப்போ டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய் தன் மகனைக் கூட்டி வந்தார். இளைப்பு நோய்க்காரப் பையன். வருடம் பூராவும் இருமல் மருந்து, சளி மருந்து, காய்ச்சல் மருந்து. முன் பற்கள் விளிம்பெல்லாம் கரைந்து பழுப்பேறியிருந்தன.

"வீட்ல இனிப்பு நிறையக் கொடுக்கிறீங்க, இல்லையா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். யாரு சொன்னா?" என்றார் காதர் பாய்.

அந்த அறையில் அப்படி ஒரு பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. டாக்டரின் கைக் கண்ணாடி தட்டாமல் நின்றது. "அப்ப வேற என்ன கொடுக்கிறீங்க?" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான கேள்வி அது.

"மருந்துதான் குடுக்குறோம். நான் நேத்து விரல்ல தொட்டு நக்கிப் பாத்தேன் டாக்டர். என் கடையில தே தாரிக் டீயில ரெண்டு கரண்டி இனிப்புப் பால் சேத்து ஊத்துனா, 'கொறச்சுப் போடு பாய், சீனி நோவு இருக்கு'ங்கிறான் கஸ்டமர். இந்தப் பாட்டில்ல கடையவே கரச்சு ஊத்தி வச்சிருக்கானுங்க. பய இருமலே இல்லாட்டியும் இருமிக் காட்டி வாங்கிக் குடிக்கிறான்."

டாக்டர் சிரித்துவிட்டார். சீனி சேர்க்காத மருந்தாகவோ, பையனால் விழுங்க முடிந்தால் மாத்திரையாகவோ மாற்றிக் கொடுக்கும்படி அவரே எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டோடு சேர்த்து மருந்து கொடுங்கள், படுக்கப் போகும்போது கொடுக்காதீர்கள், கொடுத்தால் பின்னாலேயே தண்ணீர் கொப்பளிக்க வையுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். காதர் பாய் மருந்துக் கவுண்டரில் போய்ச் சத்தம் போட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டு போனார்.

மறுத்துப் பேசியவருக்கு மறுகேள்வி கிடைத்தது. மறுகேள்வியிலிருந்து மருத்துவம் கிடைத்தது. எல்லாரும் காதர் பாய் அல்ல.

லெட்சுமி ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அவள் தாய் பால்மரத்தில் பட்டையை வெட்டிப் பால் எடுத்தவர். லயம் காலியானபோது குடும்பம் ஜெலாப்பாங் அடுக்குமாடிக்கு வந்தது. லெட்சுமி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கணவன் மணியம் லாரி ஓட்டுநர். ஒரே மகள் தர்ஷினி, நான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே இதயக் கோளாறு. அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடும். அப்போது பிள்ளையின் முழங்காலை மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நீலம் வராமல் இருக்க ஒரு நாளைக்குப் பல வேளை திரவ மருந்து. கோலாலம்பூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் வாயைச் சோதித்து, சொத்தை எதுவும் இல்லை என்று எங்கள் கிளினிக் சொல்ல வேண்டும். அழுகிய பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் இறங்கினால் அது நேராகப் போய் உட்காருகிற இடம் அந்த மாதிரி இதயம்தான். ஆகவே வாய் சுத்தமாக இல்லாமல் நெஞ்சைத் திறக்க மாட்டார்கள்.

பிள்ளை தாயின் மடியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்தார், திருப்பினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வலது பக்கக் கடைவாய்ப் பற்களில் ஈறோரம் வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. அது சொத்தையின் ஆரம்பம், காப்பாற்றலாம். இடது பக்கத்தில் மேலும் கீழும் பற்களே இல்லை, ஈறு மட்டத்தில் கறுத்த அடித்தண்டுகள் இருந்தன. ஓர் ஈறில் சீழ்க்கட்டி. ஒரே வாயில் இரண்டு பிள்ளைகளின் பற்கள் இருப்பது போலத் தெரிந்தது.

டாக்டர் சாரதாவுக்கும் அது உடனே தெரிந்தது. "ஒரு பக்கம் மட்டும்," என்றார் என்னிடம். "எதையோ அந்தக் கன்னத்தில் வச்சுக்கிட்டே தூங்குறா." கணிப்பு சரி. பிறகு லெட்சுமியிடம் திரும்பினார். "மிட்டாய் வாயில வச்சுக்கிட்டே தூங்கிடுவா, இல்லையா?"

லெட்சுமி தரையைப் பார்த்தாள். "ஆமா டாக்டர்."

"ரொம்ப நாளா?"

"ரொம்ப நாளா டாக்டர்."

சுவரில் சாய்ந்து நின்ற மணியம் நிமிர்ந்தார். "நீயா? எப்ப குடுத்த? நான் வீட்ல ஒரு முட்டாய் தாளக்கூடப் பாத்ததில்லயே."

"நீங்க லாரிக்குப் போனப்ப" என்றாள்.

அவர் டாக்டரிடம் திரும்பினார். "முட்டாய விடுங்க டாக்டர். வேள தவறாம இந்த மருந்த ஊத்தி ஊத்தித்தான் புள்ள இப்படிச் செத்துக் கெடக்குது. நான் அப்பவே சொன்னேன். கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாம்ல?"

"நிறுத்தக்கூடாது," என்றார் டாக்டர். அந்த ஒரு தடவை மட்டும் அவர் குரல் உயர்ந்தது. "ஒரு வேளைகூட."

மிட்டாயை நிறுத்த வேண்டும், இடது பக்க அடித்தண்டுகளை மயக்க மருந்து கொடுத்துப் பெரிய மருத்துவமனையில் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இதய அறுவை என்றார். காம்பு நாற்காலிக் கையில் தட்டியது.

கொஞ்ச நேரம் கழித்து நான் கருவித் தட்டோடு தாழ்வாரத்தைக் கடந்தேன். மணியம் லாரியை எடுக்கப் போயிருந்தார். பிள்ளை லெட்சுமியின் இடது கையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். லெட்சுமி ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி, பிள்ளையின் உதட்டோரத்தை நகம் படாமல் விலக்கி, சிரிஞ்சின் முனையை இடது கன்னத்துக்குள் செலுத்தினாள். மெல்ல அழுத்தினாள். இன்னொரு விரலால் தொண்டையை மேலிருந்து கீழாக ஒரு தடவு. பிள்ளை தூக்கத்திலேயே ஒரு மிடறு விழுங்கியது. கண் திறக்கவில்லை. மிச்சம் கன்னத்தில் நின்றது. லேசான மினுமினுப்பு உதட்டோரத்தில் தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்துப் பெருமையோடு சிரித்தாள். "எப்புடி மிஸி? முழிக்கவே மாட்டா. விடிகாலையில பேக்டரிக்குப் போற கிலாங் பஸ் வந்துரும், அதுக்கு முன்னாடி ஒரு தடவ இப்படித்தான். ராத்திரியும் இப்படித்தான். வார்டுல சொல்லி விட்டாங்க, அழ விடாதீங்கன்னு. முழிச்சிருக்கப்போ குடுத்தா துப்புவா, அழுவா, நீலமாயிருவா. அதான் நானே பழகிக்கிட்டேன்."

"பல் விளக்குறது?"

"பிரஷ்ஷப் பாத்தாலே அழுவா மிஸி. அதனால விட்டுட்டேன்."

தூக்கத்தில் வாயில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். கழுவி விட ஆளில்லாத வாயில் சீனிப் பாகு விடியும்வரை நிற்கும். அந்த மருந்து கடையில் விற்கிற மருந்துகூட அல்ல. மாத்திரையைப் பொடித்துச் சீனிப் பாகில் கலந்து மருந்தகத்திலேயே செய்து கொடுப்பது. ஒரு தாய் தன் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அந்த இடது கன்னத்தில் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "லெட்சுமி, மிட்டாய் கொடுக்குறீங்களா?"

"ஐயோ, இல்ல மிஸி. இவளுக்கு முட்டாய்னா என்னன்னே தெரியாது."

"அப்புறம் ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "டாக்டர் அப்படித்தான்னு சொல்றாங்க. இல்லைன்னா எதுத்துப் பேசுற மாதிரி இருக்கும்ல. எங்கம்மா பெரட்டுல மண்டோர் கேட்டா ஆமாங்கையான்னு சொல்லிரும். மரத்த ஆழமா வெட்டுனியா? ஆமாங்கையா. வெட்டியிருக்காது மிஸி. ஆனா ஆமான்னுட்டா அன்னிக்கு ஏச்சோட போயிரும். இல்லைன்னா மறுநாளு வேற நெரைக்கு மாத்திருவான், மலைமேல. எனக்கும் அதே பயந்தான். இல்லைன்னு சொல்லி, டாக்டர் கோவிச்சிக்கிட்டு, ஆப்ரேசனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா?"

விடிகாலையில் மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அதில் ஒரு நாள்கூட நிற்காத மகள் ஈப்போவில் ஒரு பல் நாற்காலியின் பக்கத்தில் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறாள்.

ஈரம் பிழிந்த துணித் துண்டை விரலில் சுற்றி, தூங்குகிற பிள்ளையின் ஈறோரமும் கன்னத்தின் உள்பக்கமும் துடைத்தெடுப்பது எப்படி என்று அங்கேயே செய்து காட்டினேன். மருந்தை நிறுத்தக் கூடாது, கொடுத்ததும் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். அந்த விரலுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. பிள்ளை அசையவில்லை.

சாயந்திரம் டாக்டர் சாரதாவிடம் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. "சரிதான். அதனாலதான் ஒரு பக்கம்," என்றார். மருந்தகத்துக்குத் தானே போன் போட்டு, பாகு இல்லாத கலவையில் செய்து தர முடியுமா என்று கேட்டார். இருப்பில் இல்லை, கேட்டு வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கச் சொன்னார்.

"அம்மாகிட்ட நீங்க மிட்டாய்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த அப்பா பேசினதக் கேட்டீங்கதானே?"

"ஆமா டாக்டர்."

"மருந்துதான் பல்லக் கெடுத்துச்சுன்னு அவர் முன்னாடி சொன்னா, இன்னைக்கே பாட்டிலக் குப்பையில போட்டுடுவாரு, இல்லையா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப மிட்டாய்னே இருக்கட்டும்."

கண்ணாடிக் காம்பு அப்போது அவர் கையில் இல்லை. இருந்திருந்தால் தட்டியிருக்கும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. நீலம் பாய்கிற பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்க எல்லா மருத்துவரும் முன்வர மாட்டார்கள். முன்வந்தவரின் பட்டியலில் இடம் கிடைத்தபோது பிள்ளைக்குச் சளி, தள்ளிப்போட்டார்கள். இதற்குள் கோலாலம்பூரில் குறித்த நாள் வந்துவிட்டது. அழுகிய அடித்தண்டுகள் வாயிலேயே இருந்ததால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. அதுவும் யாரோ ஒரு தாயின் மடியில் காத்துக்கிடந்த பிள்ளைதான். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. குறை சொல்ல ஒருவர்கூட இல்லாமல் ஒரு காரியம் இவ்வளவு கெட்டுப்போக முடியும் என்பதுதான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாதது.

அடுத்த நாள் குறிப்பதற்குள் தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது, வாந்தி வந்தது, பிறகு வலிப்பு வந்தது. மூளையில் சீழ் கட்டியிருந்தது. அது பல்லிலிருந்துதான் வந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அந்த மாதிரி இதயமும் அந்த மாதிரி பல்லும் ஒரே பிள்ளைக்கு இருந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொன்னார்கள். மண்டையைத் துளைத்துச் சீழை எடுத்தார்கள். அந்த முறை படுத்திருந்தபோதே அடித்தண்டுகளையும் எடுத்தார்கள். பல மாதம் கழித்து இதய அறுவையும் நடந்தது. பிள்ளை பிழைத்தாள். உதடு நீலம் மாறிச் சிவந்தது. வலது கை மட்டும் விரியவில்லை. வலது காலை இழுத்து நடந்தாள்.

மூளை அறுவைக்குப் பிறகு வார்டில் போய்ப் பார்த்தேன். கட்டிலைச் சுற்றி மணியத்தின் அக்காமார் நின்றிருந்தார்கள்.

"எப்புடி வந்துச்சாம்?" என்றாள் ஒருத்தி.

"பல்லுலேருந்து ஏறிருச்சாம். நாந்தாங்க்கா. முட்டாயக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டேன்," என்றாள் லெட்சுமி.

"நெஞ்சு நோவுக்காரப் புள்ளைக்கு எவளாச்சும் முட்டாய் குடுப்பாளா? உனக்கெல்லாம் எதுக்குப் புள்ள?"

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். மணியம் சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அவளைக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப் போனேன். "ஏன் லெட்சுமி? இங்க டாக்டர் யாரும் இல்லயே. உண்மையச் சொல்லலாம்ல?"

அவள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"மருந்துலதான் பல்லு போச்சுன்னு இவரு காதுல விழுந்தா என்ன செய்வாருன்னு தெரியும்ல மிஸி? ஏற்கனவே ஒரு பாட்டில தூக்கி எறிஞ்சிட்டாரு. அன்னிக்குச் சாயந்திரம் புள்ள நீலம் பாஞ்சு, நான் மடியில மடக்கிப் புடிச்சிக்கிட்டே டாக்சில போனேன். இனி வலிப்புக்கு வேற மருந்து, ஆப்ரேசன் வரைக்கும் நெஞ்சுக்கு மருந்து. எல்லாம் தண்ணி மருந்துதான். முட்டாய்னா என்னத்தான் ஏசுவாங்க. மருந்துன்னா பாட்டில் போயிரும். ஏசிட்டுப் போறாங்க, பரவால்ல, தாப்பா லா."

பாட்டிலை மூடிக்கொண்டு வார்டுக்குள் போனாள். நான் குழாயடியிலேயே நின்றேன். டாக்டர் சாரதாவும் அவளும் ஒரே காரணத்துக்காக ஒரே பொய்யைச் சொன்னார்கள். டாக்டருக்கு அதனால் குறைந்தது ஒன்றுமில்லை. அந்த அடுக்குமாடியில் இவளுக்கு "முட்டாய் லெட்சுமி" என்று பெயர் விழுந்தது. மணியத்தின் குடும்பத்தில் வேறு யாரும் தங்கள் பிள்ளையை அவள் கையில் கொடுப்பதில்லை.

சுவரொட்டியில் மிட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு மருந்துப் பாட்டிலையும் வரையலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். பெருக்கல் குறி போட வேண்டாம், "மருந்தை நிறுத்தாதீர்கள், கொடுத்ததும் வாயைத் துடையுங்கள்" என்று ஒரு வரி போதும் என்றேன். பெற்றோர் பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். மணியத்தைப் பார்த்தவள் நான்; அந்தப் பயம் பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு வரிக்காக எத்தனை தாய்மார் தலையைக் குனிந்துகொண்டு ஆமா டாக்டர் என்று நிற்கிறார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இடமில்லை என்றும் சொன்னார்கள். சிரிக்கிற பல் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஓய்வு பெற்றேன்.

இனி கவிதாவின் முகாம். பேச்சை நன்றாகத்தான் பேசினாள். பெரிய பிரஷ், பொம்மை வாய், பிள்ளைகள் சிரித்தார்கள். முடிவில் பெற்றோரைப் பார்த்துக் கேட்டாள்: "உண்மையச் சொல்லணும். வீட்ல புள்ளைங்களுக்கு இனிப்பு குடுத்துப் பல்லக் கெடுத்தவங்க யாரு? கை தூக்குங்க பாப்போம்."

மண்டபத்தில் சிரிப்பு. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். யாரும் தூக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். லெட்சுமி. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பக்கம் மணியம், முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் தர்ஷினி, நெடுநெடுவென்று வளர்ந்து. வலிப்பு மருந்து இன்னும் நிற்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். லெட்சுமி என்னைப் பார்த்தாள். தலையை மிக லேசாக அசைத்தாள். பேசாதீங்க மிஸி என்று அதற்கு அர்த்தம்.

"சூப்பர்!" என்றாள் கவிதா. "பாருங்க, இந்த அம்மா ஒருத்தங்கதான் நேர்மையா ஒத்துக்கிட்டாங்க. எல்லாரும் கை தட்டுங்க."

மண்டபம் கை தட்டியது. தர்ஷினியும் தட்டினாள், இடது கையால், தன் தொடையின்மேல்.